நாற்பது சிஸ்டமும் ஒன்பதரை மணியும்: ஆன்டிவைரஸ் அப்டேட் கேள்வி பதில்

மண்ணடி, கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்: சார், 40 சிஸ்டம், 50 எம்பிபிஎஸ் லைன். பொங்கல் லீவு முடிஞ்சு ஒன்பதரைக்கு எல்லாரும் ஆன் பண்ணா கஸ்டம்ஸோட ஐஸ்கேட் போர்ட்டல் லாகின் பக்கமே திறக்கல. விண்டோஸோட டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் அப்டேட்தானா?

அதுவாகத்தான் இருக்கும். கையிலுள்ள டெஃபினிஷன் (வைரஸ் அடையாளப் பட்டியல்) பழசாகிவிட்டால், மாற்றத்தை மட்டும் தரும் சின்ன டெல்டா போதாது, முழு பேக்கேஜ் இறங்கும். அது 100 எம்பிக்கு மேல். நாற்பதும் சேர்ந்து இழுத்தால் 4 ஜிபி, லைன் முழுசாகக் கிடைத்தாலும் 11 நிமிடம்.

டபிள்யூசஸ் (மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை ஆபீஸுக்குள்ளேயே பகிரும்) சர்வர் இருந்தால் வெளியிலிருந்து ஒருமுறை இறக்கினால் போதும். ‘டெஃபினிஷன் அப்டேட்ஸ்’ வகைக்கு ஆட்டோ அப்ரூவல் கொடுங்கள். மைக்ரோசாஃப்டோடு அது நடத்தும் சிங்க்கை நாளுக்கு ஆறு முறையாவது வையுங்கள். ஒருமுறை மட்டும் வைத்துவிட்டு கிளையன்ட்டைத் திட்டிப் பயனில்லை. குரூப் பாலிசியில் (எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே இடத்திலிருந்து தரும் செட்டிங்) ‘செக்யூரிட்டி இன்டெலிஜென்ஸ் அப்டேட்ஸ்’ பகுதியில் அப்டேட் தேடும் இடைவெளி 4 மணி நேரம். சோர்ஸ் வரிசையில் முதலில் உள் சர்வர், அடுத்து மைக்ரோசாஃப்ட் அப்டேட். இரண்டாவதை விட்டால் வீட்டுக்குப் போகும் லேப்டாப் பட்டினி கிடக்கும்.

டிஃபெண்டரின் பச்சை டிக்கை நம்பாதீர்கள், டெஃபினிஷன் தேதியைப் பாருங்கள். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் கெட்-எம்பிகம்ப்யூட்டர்ஸ்டேட்டஸ் அடித்தால் ‘ஆன்டிவைரஸ் சிக்னேச்சர் ஏஜ்’ நாள் கணக்கில் வரும். 0 அல்லது 1 இருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை: ராத்திரி 2 மணிக்கு ஷெட்யூல் போட்டேன், ஒண்ணும் ஆகல.

ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறீர்களா?

தண்டையார்பேட்டை: ஆமா ஜி.

அப்புறம் எப்படி ஆகும்? ஸ்டார்ட்அப்பில் டெஃபினிஷன் பார்க்கும் பாலிசியை எனேபிள் பண்ணுங்கள்.

எண்ணூர்: எடைமேடை பிசிக்கு நெட் கிடையாது. பென்டிரைவ்ல போடலாமா?

லேன் இருந்தால் பென்டிரைவ் வேண்டாம். ஷேர் ஃபோல்டருக்குள் எக்ஸ்64 என்று ஒரு ஃபோல்டர், அதில் டெஃபினிஷனின் முழு பேக்கேஜான எம்பேம்-எஃப்இ ஃபைல். பாலிசியில் ஷேர் பாதையைக் கொடுத்து, சோர்ஸ் வரிசையில் ஃபைல் ஷேரைச் சேருங்கள். பலர் சறுக்குவது பர்மிஷனில்: படிப்பது யூசர் இல்லை, கம்ப்யூட்டரின் சொந்தக் கணக்கான மெஷின் அக்கவுன்ட். ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ குழுவுக்கு ரீட் கொடுங்கள். பிறகு தேதியைப் பாருங்கள்.

மாதவரம், குடோன்: 2024 ஜூலைல செக்யூரிட்டி கம்பெனி கிரவுட்ஸ்ட்ரைக் தப்பான அப்டேட் விட்டு விண்டோஸ் மெஷின்களைக் கவுத்த கூத்துக்கு அப்புறம் நான் எல்லா அப்டேட்டையும் ஒரு வாரம் தள்ளிதான் விடறேன். அதான் சேஃப்.

சேஃப் இல்லை. அந்தத் தப்பான ஃபைல் ஜூலை 19 நம் நேரம் காலை 9.39க்கு வந்தது, 10.57க்குத் திரும்பப் பெற்றார்கள். 78 நிமிடச் சிக்கலுக்கு ஏழு நாள் கதவைத் திறந்து வைப்பீர்களா?

மாதவரம்: 78 நிமிஷத்துல 85 லட்சம் மெஷின் போச்சே?

போனது. ஒரு வெர்ஷன் பின்தங்கி வைத்திருந்தவர்களும் விழுந்தார்கள். அந்தப் பாலிசி மெஷினில் ஓடும் சென்சார் புரோகிராமுக்குத்தான், டெஃபினிஷன் மாதிரி அடிக்கடி வரும் சேனல் ஃபைலுக்கு இல்லை. டிஃபெண்டரின் ஸ்கேன் எஞ்சினையும் பிளாட்ஃபார்மையும் (ஆன்டிவைரஸ் புரோகிராம்) தாராளமாகத் தள்ளி வையுங்கள். டெஃபினிஷனைத் தள்ளாதீர்கள்.

திருவொற்றியூர்: குறுக்க வரேன். 2010 ஏப்ரல்ல மெக்காஃபி ஆன்டிவைரஸோட 5958 அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பில எஸ்விசிஹோஸ்ட்ங்கிற சிஸ்டம் ஃபைலையே வைரஸ்னு தூக்குச்சு. அது டெஃபினிஷன்தானே?

சரியான அடி. அதனால்தான் பைலட் (முதலில் சோதித்துப் பார்க்கும் சில மெஷின்) வேண்டும்: அக்கவுன்ட்ஸில் ஒன்று, பில்லிங்கில் ஒன்று, எடைமேடையில் ஒன்று. அவற்றுக்கு முதலில் விட்டு, ரீபூட் பண்ணி, 4 மணி நேரம் கழித்து மற்றவற்றுக்கு. தள்ளிப்போடுவது மணிக்கணக்கில் இருக்கட்டும், நாள்கணக்கில் வேண்டாம்.

மாதவரம்: ஒரு நாள்?

நாலு மணி நேரம்.

வியாசர்பாடி: ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா டபுள் சேஃப்டி தானே?

இல்லை. ஒன்றை எடுங்கள்.

ராயபுரம்: 2 மணிக்கு ஷெட்யூல், அப்டேட் ஆகல சார்...

தண்டையார்பேட்டைக்குச் சொன்னதை மேலே படியுங்கள்.

கொருக்குப்பேட்டை: விண்டோஸ் 10க்கு டெஃபினிஷனும் நின்னுடுச்சா?

ஓஎஸ் சப்போர்ட் 2025 அக்டோபர் 14 வரைதான். டிஃபெண்டர் டெஃபினிஷன் 2028 அக்டோபர் வரை வரும். ஆனால் ஓஎஸ் ஓட்டையை டெஃபினிஷன் அடைக்காது. தேதி புதுசாக இருந்தாலும்.