பைக்கில் பின் பிரேக்கை எப்போது, எப்படிப் பிடிக்க வேண்டும்?

கேள்வி: புதிதாக 150 சிசி பைக் வாங்கியிருக்கிறேன். முன்னால் டிஸ்க், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் லாக் ஆவதைத் தடுக்கும் அமைப்பு). பின்னால் டிரம். முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவாய், காலால்தான் பிரேக் போட வேண்டும் என்கிறார் அப்பா. பின் பிரேக்கைத் தொடவே வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வதைக் கேட்பது?

அப்பா சொல்வது பயத்தில் சொல்வதல்ல. அவர் ஓட்டிப் பழகிய காலத்தில் முன்னாலும் டிரம் பிரேக்தான், டயர் மெலிசு, ஊருக்குள் பாதிச் சாலை ஜல்லி. அங்கே பதற்றத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தவர்கள் விழுந்ததை அவர் நேரில் பார்த்திருப்பார். உங்கள் வண்டியும் நீங்கள் ஓட்டும் சாலையும் வேறு. அதனால் அவசரமாக நிற்க வேண்டிய நேரத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். மற்ற நேரத்தில் நண்பர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவது கண்ணுக்கே தெரியும். நிற்கும்போது இரண்டு சக்கரத்துக்கும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கும் பாரத்தில், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது முக்கால் பங்குக்கு மேல் முன் சக்கரத்துக்குப் போய்விடும். பாரம் ஏற ஏற முன் டயர் சாலையை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். பின் டயரோ லேசாகிப் பிடிமானம் இழக்கும். எவ்வளவு பலமாக மிதித்தாலும் லேசாகிவிட்ட டயரால் வண்டியை நிறுத்த முடியாது, சறுக்கத்தான் முடியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், சாலை காய்ந்த தார்ச்சாலை என்று வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டு பிரேக்கையும் ஒழுங்காகப் பிடித்து நிற்கச் சுமார் 20 மீட்டர் போதும். பின் பிரேக் மட்டும் என்றால் 40 மீட்டரைத் தாண்டிவிடும். நாய் குறுக்கே ஓடுகிறது, ஷேர் ஆட்டோ திடீரென்று ஓரம் கட்டுகிறது என்றால் அந்த இருபது மீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படியானால் பின் பிரேக் எதற்கு? வண்டியை அடக்கி வைக்க. வேகத்தைக் கொல்வது முன் பிரேக்கின் வேலை. ஓடுகிற வண்டியை ஆட்டமில்லாமல் நம் பிடிக்குள் வைத்திருப்பது பின் பிரேக்கின் வேலை. பந்தயக்காரர்கள் பின் பிரேக்கைத் தொடுவதில்லை என்று யாராவது சொன்னால் ஆஸ்திரேலியாவின் மிக் டூஹனைக் காட்டுங்கள். 1992-இல் நெதர்லாந்தின் ஆசென் பந்தயத் தடத்தில் விழுந்து அவருடைய வலது கால் போகும் நிலைக்கு வந்துவிட்டது. கால் தப்பியது, ஆனால் முன்போல பெடலை மிதிக்க முடியவில்லை. பின் பிரேக் இல்லாமலே ஓட்டிக்கொள்கிறேன் என்று அவர் விட்டுவிடவில்லை. இடது கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்தும் பின் பிரேக் ஒன்றைப் பொருத்திக்கொண்டார். 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து முறை 500 சிசி உலகப் பட்டம் வென்றார்.

நமக்குப் பந்தயம் வேண்டாம், ஆர்டிஓ மைதானம் போதும். லைசென்ஸுக்கு எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிடுகிறவர்களில் பெரும்பாலோர் ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டுத் திருகுகிறவர்கள்தான். வண்டி துள்ளும், ஹேண்டில் ஆடும், கால் தானாக இறங்கும். ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வைத்து, ஹாஃப் கிளட்சில் ஓட்டிக்கொண்டு, வேகத்தை பின் பிரேக்கால் மட்டும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். வண்டி நடக்கிற வேகத்துக்கு இறங்கினாலும் சாயாது. யூ-டர்ன் எடுக்கும்போதும், நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் இதே முறைதான். ஹேண்டில் திரும்பியிருக்கும் நிலையில், மெதுவான வேகத்தில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் வண்டி திரும்பிய பக்கமே படுத்துவிடும். ஷோரூம் வாசலில் புது வண்டியைக் கீழே போடுகிறவர்கள் பலர் இப்படித்தான் போடுகிறார்கள். மேட்டில் சிக்னலுக்கு நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் பிடித்துவைப்பதும் வலது கால்தான்.

மலைச்சாலை தனிக்கதை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது எளிது, இறங்குவதுதான் சோதனை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவதைப் பார்க்கலாம். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, பாதி மலையில் பெடல் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. ஏறும்போது எந்த கியரோ, கிட்டத்தட்ட அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். மீதி வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது, இரண்டு பிரேக்காலும் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் வந்தபின் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தால் பின் பிரேக்கை லேசாகத் தடவலாம், அவ்வளவே. அப்புறம், கீழ் கியருக்கு மாற்றும்போது கிளட்சைப் பட்டென்று விடாதீர்கள். பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் என்ன ஆகுமோ அதேதான் அப்போதும் ஆகும்.

பிடிமானம் இல்லாத தரையில் பின் பிரேக்குக்குத்தான் முதலிடம். ஜல்லி, கடலோரச் சாலையில் காற்று கொண்டுவந்து போட்ட மணல், மழையில் நனைந்த வெள்ளைக்கோடு, இரும்பு மூடி. இவற்றோடு, அறுவடைக் காலத்தில் வண்டி ஏறி மிதித்துத் தரட்டும் என்று சாலை முழுக்கப் பரப்பியிருக்கும் உளுந்துச் செடியையும் கொள்ளுச் செடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றின் மேல் முன் டயர் வழுக்கினால் பெரும்பாலும் நாம் யோசிப்பதற்குள் கீழே கிடப்போம். பின் டயர் வழுக்கினால் வால் கொஞ்சம் ஆடும், சமாளிக்க நேரம் இருக்கும். அதனால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை நேராக வைத்து, முடிந்தால் எந்தப் பிரேக்கும் தொடாமல் தாண்டுங்கள். தொட்டே ஆக வேண்டுமானால் காலால், மெதுவாக. பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தாலோ மூட்டை கட்டியிருந்தாலோ பின் சக்கரத்தில் பாரம் கூடுதல், பின் பிரேக்கும் கூடுதலாகப் பிடிக்கும். தனியாக ஓட்டும்போது மிதிப்பதைவிட அப்போது தாராளமாகவே மிதிக்கலாம்.

மிதிக்கும் விதம் முக்கியம். பாதத்தை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, அதிலிருந்து முன்பாதத்தை மட்டும் இறக்கி அழுத்த வேண்டும். காலையே தூக்கி மிதித்தால் தொடையின் பலம் முழுவதும் பெடலில் இறங்கும், அளவு தெரியாது. பெரிய செருப்போடு ஓட்டினால் இந்த உணர்வே வராது. இன்னொரு பக்கம், காலை எப்போதும் பெடல் மேலேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிரேக் லைட் ஊர் முழுக்க எரிந்துகொண்டே போகும், பின்னால் வருபவருக்கு எது நிஜ பிரேக் என்றே தெரியாது, பிரேக் லைனிங்கும் சீக்கிரம் தேயும். சாதாரணமாக நிறுத்தும்போது பின் பிரேக்கை ஒரு நொடி முந்தித் தொட்டு, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கி, எடை முன்னால் போகப் போகக் காலைத் தளர்த்துங்கள். எழுதினால் நீளமாகத் தெரிகிறது, பழகினால் யோசிக்காமலே வரும்.

உங்கள் வண்டியில் இருப்பது ஒரு சக்கரத்துக்கு மட்டும் வேலை செய்யும் சிங்கிள் சேனல் ஏபிஎஸ்ஸாக இருக்கும், பின்னால் டிரம் என்பதால் சொல்கிறேன். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் அது முன் சக்கரத்துக்கு மட்டும் இருந்தாலும் சட்டத்துக்குப் போதும். முன் சக்கரம் லாக் ஆகாது, பின் சக்கரம் தாராளமாக லாக் ஆகும். ஆகிவிட்டால் என்ன செய்வது? வண்டி இன்னும் நேராகப் போகிறது என்றால் காலை மெதுவாகத் தளர்த்துங்கள். பின்பக்கம் ஏற்கெனவே ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது என்றால் காலை எடுக்காதீர்கள், மிதித்தபடியே நிற்கும் வரை போகட்டும். ஒதுங்கிய நிலையில் சட்டென்று விட்டால் டயர் திடீரெனப் பிடித்து, வண்டி நிமிர்ந்து உங்களை மறுபக்கம் தூக்கி எறியும். சறுக்கி விழுவதைவிட இது மோசமான விழுதல்.

இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. ஊருக்கு வெளியே மனை பிரித்துத் தார் போட்டுவிட்டு வீடு ஒன்றும் கட்டாமல் கிடக்கும் இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஞாயிறு காலையில் ஹெல்மெட்டோடும் ஷூவோடும் அங்கே போங்கள். 20, 25 வேகத்தில் நேராகப் போய், பின் பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மிதித்து, எந்த அழுத்தத்தில் டயர் கத்தத் தொடங்குகிறது என்று காலுக்குத் தெரிய வையுங்கள். பிறகு முன் பிரேக்கையும் சேர்த்து, எத்தனை அடியில் நிற்கிறது என்று பாருங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம், விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

டிரம் பிரேக்குக்குக் கொஞ்சம் கவனிப்பும் வேண்டும். பெடலை லேசாக அழுத்தும்போது பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வெற்றசைவு இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். லைனிங் தேயத் தேய அது கூடும், பின்னால் உள்ள அட்ஜஸ்டர் நட்டைத் திருகிச் சரிசெய்யலாம். செயின் டைட் செய்த பிறகு இதைப் பார்க்க மறக்காதீர்கள். சக்கரம் பின்னால் நகர்வதால் பிரேக் ராடு இழுபட்டு, நாம் தொடாமலே பிரேக் உரசிக்கொண்டிருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிவந்தால் டிரம்முக்குள் நீர் புகுந்து பிரேக் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி கொஞ்ச தூரம் லேசாக மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் காய்ந்துவிடும்.

வீட்டில் ஸ்கூட்டரும் இருந்தால் ஒன்று. அதில் பின் பிரேக் இடது கையில். பைக்கிலிருந்து இறங்கி உடனே ஸ்கூட்டர் எடுப்பவர்களுக்கு, கிளட்ச் என்ற நினைப்பில் இடது கை முழுசாக அமுக்கிவிடும். சிபிஎஸ் (இரண்டு பிரேக்கையும் இணைக்கும் அமைப்பு) உள்ள ஸ்கூட்டரில் அதோடு முன் பிரேக்கும் சேர்ந்து விழும். முதல் தெருமுனை வரை இடது கையின் இரண்டு விரலை மட்டும் லிவரில் வைத்து ஓட்டுங்கள்.