ரொதான் தோட்டத்துக்குப் போகுமுன்: டீச்சரிடம் கேட்டவை

பண்டாரவளையில் நீண்ட காலம் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்ற டீச்சர், பரிஸில் இருக்கும் மகளிடம் போகும்போதெல்லாம் ரொதான் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய்விடுவார். பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரொதானின் (1840–1917) வேலைகளுக்கென்றே உள்ள வீடும் தோட்டமும் அது. மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் அவருடைய பதில்களும் இங்கே.

தம்பி வீடு லாச்சப்பல் பக்கம். அங்கிருந்து எப்படிப் போவது டீச்சர்? அரை நாள் போதுமா? (அட்டன்)

லாச்சப்பலில் 2ஆம் இலக்க மெட்ரோவில் ஏறி பிளாஸ் து கிளிஷியில் இறங்குங்கள். அங்கே 13ஆம் இலக்கத்துக்கு மாறினால் வாரென் நிலையம். மேடையிலேயே ரொதானின் 'சிந்தனையாளர்' சிலையின் பிரதி ஒன்று இருக்கும், அதனால் இடம் தவறாது. திங்கட்கிழமை பூட்டு. மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறப்பார்கள். அரை நாள் தாராளம், ஆனால் அதற்குள் ஈபிள் கோபுரத்தையும் சேர்த்து முடிக்க நினைக்காதீர்கள்.

தோட்டம் பேராதனை மாதிரி இருக்குமா? (நுவரெலியா)

இருக்காது. பேராதனை 147 ஏக்கர், இது ஏழரை ஏக்கர் அளவுதான். ஜூனில் ரோசா நன்றாகப் பூக்கும், என்றாலும் நுவரெலியாக்காரருக்குப் பூ காட்ட பரிஸ் வேண்டியதில்லை. சிலைகளுக்காகப் போங்கள்.

வீட்டுக்குள் நுழையுமுன் தோட்டத்தை முடித்துவிடுவது என் வழக்கம். 'சிந்தனையாளர்' முன்னால் ஆட்கள் கன்னத்தில் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் எடுங்கள், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவருடைய வலது முழங்கை இடது தொடைமேல் ஊன்றியிருக்கிறது. வீட்டுக் கதிரையில் அப்படி உட்கார்ந்து பாருங்கள், முதுகு முறுகி உடம்பு முழுக்க இறுகும். அந்த மனிதர் தலையால் மட்டும் யோசிக்கவில்லை, கால் விரல்வரை யோசிக்கிறார். முதலில் அவர் சின்ன உருவம்தான், 'நரகத்தின் வாயில்' என்ற பெரிய கதவின் உச்சியில் வைக்கச் செய்யப்பட்டது. அந்தக் கதவும் அதே தோட்டத்தில் நிற்கிறது. 1880இல் அரசாங்கம் ஓர் அருங்காட்சியகத்துக்காக அதைக் கேட்டது. கட்டடம் கட்டப்படவேயில்லை, ஆனால் ரொதான் அந்தக் கதவை விடவில்லை. வாழ்நாள் முழுக்க அதிலிருந்து உருவங்களைக் கழற்றிப் பெருப்பித்துத் தனிச் சிலைகளாக்கினார். வெண்கலத்தில் அது வார்க்கப்பட்டது அவர் இறந்த பிறகு.

அப்புறம் 'கலே நகரத்துப் பெரியவர்கள்'. 1347இல் இங்கிலாந்து அரசன் முற்றுகையிட்ட ஊரைக் காப்பாற்ற, கழுத்தில் கயிறோடும் கையில் நகரச் சாவியோடும் வெளியே வந்த ஆறு பேர். வழக்கமான நினைவுச் சின்னம் என்றால் ஆறு பேரும் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். இங்கே ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். எந்தப் பக்கம் நின்றாலும் யாரோ ஒருவர் உங்களுக்கு முதுகைக் காட்டுவார், ஆகவே சுற்றி நடந்தே தீர வேண்டும். பீடம் இல்லாமல் தரையோடு வைக்க வேண்டும் என்பது ரொதானின் ஆசை. 1895இல் கலே நகரசபை பீடத்தில் ஏற்றித்தான் வைத்தது!

உலகம் முழுக்க 'சிந்தனையாளர்' இருக்கிறாரே, பரிஸில் இருப்பதுதான் ஒரிஜினலா? (தலவாக்கலை)

நல்ல கேள்வி. ரொதான் கையால் செய்தது களிமண் உருவம். அதிலிருந்து பிளாஸ்டர், பிளாஸ்டரிலிருந்து வார்ப்பகத்தில் வெண்கலம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகுச் சிலையின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு உலோகம் வார்ப்பார்கள். மண் அச்சை உடைத்ததும் கதை முடிந்தது, அந்த மெழுகு திரும்ப வராது. ரொதானிடம் பிளாஸ்டர் மிஞ்சும், ஆகவே அச்செடுத்துத் திரும்பவும் வார்க்கலாம். 1916இல் தன் வேலைகளையும் உரிமைகளையும் அரசுக்கே எழுதிக் கொடுத்தார். இன்று ஒரு சிற்பத்துக்கு 12 வார்ப்புகள் வரைதான் பிரெஞ்சுச் சட்டப்படி அசல் எனக் கணக்கு. சலவைக்கல் வேலைகளில் உளி பிடித்தவர்கள் பெரும்பாலும் உதவியாளர்கள். 'அவர் கை பட்டதா' என்று தேடுகிறவர்கள் வெண்கலத்தை விட்டுவிட்டுப் பிளாஸ்டர்களுக்கு முன்னால் நில்லுங்கள்.

ரொதான் நடராஜரைப் பற்றி எழுதினாராமே, உண்மையா டீச்சர்? (உயர்தர மாணவி, மாத்தளை)

உண்மை, மகள். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் வெண்கல நடராஜரின் புகைப்படங்கள் அவர் கைக்கு வந்தன. அவற்றைப் பார்த்து எழுதிய குறிப்புகள் அவர் இறந்த பின் 1921இல் வெளிவந்தன. அதே தொகுப்பில் எழுதிய இன்னொருவர் ஆனந்த குமாரசுவாமி, கொழும்பில் பிறந்தவர், கண்டிக் கைவினைகளை ஊர் ஊராய்ப் போய் ஆராய்ந்தவர். சிலையைச் சுற்றி நடக்கச் சொல்லும் ரொதான், நடராஜரைப் படத்தில்தான் பார்த்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

பதின்மூன்று வயது மகளும் மாமியாரும் வருகிறார்கள். நிர்வாணச் சிலைகள் நிறைய என்கிறார்களே? (ஒரு தாய், பதுளை)

நிறைய. ஆனால் கோபுரத்தைக் கும்பிட்டு வளர்ந்த மாமியாருக்கு இது புதிதல்ல. 'முத்தம்' சிற்பத்துக்கு முன்னால் மட்டும் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். எனக்கும் அதில் பெரிய ஈடுபாடு இல்லை, அழகு கொஞ்சம் கூடிப்போனது. மகளை 'தேவாலயம்' என்ற சிற்பத்துக்கு அழைத்துப் போங்கள். இரண்டு கைகள் மேலே சேரும், அவ்வளவுதான். எந்தக் கைகள் என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரண்டும் வலக் கைகள், அதாவது இரண்டு பேருடையவை.

கமீல் கிளோதேலின் வேலைகளும் அங்கே உண்டா? (கண்டி)

உண்டு. ரொதானின் மாணவி, உதவியாளர், காதலி என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அவர் தனியாகவே பெரிய சிற்பி. 'அலை'யில் பச்சைக் கல் அலைக்குக் கீழே மூன்று சின்ன வெண்கலப் பெண்கள் நிற்கிறார்கள், குனிந்து பாருங்கள். 1913இல் குடும்பம் அவரை மனநோய் விடுதியில் சேர்த்தது. 1943இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. ரொதானை ரசித்துக்கொண்டே அவர்மேல் கோபப்படவும் அந்த வீட்டில் இடம் இருக்கிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. செலவும் பார்க்க வேண்டும். (ஹப்புத்தளை)

தோட்டம் சமதரை, நம் ஊர் ஏற்றத்தில் நடப்பவருக்கு ஒன்றுமில்லை. பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். ஒக்டோபர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம், கூட்டமும் அதற்கேற்ற மாதிரி.

பரிஸ் போக வழியில்லாதவர்கள் என்ன செய்வது? (கம்பளை)

உங்களுக்குப் பக்கத்திலேயே எம்பெக்க தேவாலயம் என்ற பழைய கோயில் இருக்கிறதே! அங்குள்ள செதுக்கிய மரத்தூண்களைத் தேவேந்திர மூலாச்சாரி என்ற ஒரே சிற்பியின் பெயரோடு சேர்த்துத்தான் ஊர் சொல்லும். கொழும்புக்குப் போனால் தேசிய அருங்காட்சியகத்தில் பொலன்னறுவை நடராஜரைப் பாருங்கள். எம்பெக்கவுக்குக் காலையில் போங்கள், மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு. ஒரு டோர்ச் கொண்டுபோனால் நல்லது.