ஹாட் டப் தண்ணீருக்குக் குளோரினா, புரோமினா?

ஒருவர் உடம்பிலிருந்து தண்ணீரில் இறங்கும் கிருமி அடுத்தவரைத் தொற்றுமுன் அதைக் கொல்லும் மருந்துதான் கிருமிநாசினி. பலர் உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியான ஹாட் டப்பில் பெரும்பாலும் குளோரின் அல்லது புரோமின் போடுவார்கள்.

நீச்சல் குளத்தைவிட இங்கே மருந்து சீக்கிரம் தீரும். தண்ணீர் கொஞ்சம், சூடோ 38 முதல் 40 டிகிரி. நாலு பேர் உட்கார்ந்தாலே வியர்வையும் எண்ணெயும் மருந்தைத் தின்றுவிடும், ஒரே வாளி சோப்புத் தண்ணீரில் வீட்டுத் துணி முழுவதையும் போட்டால் நுரை அடங்கிப்போவதுபோல. அப்படி மருந்து தீர்ந்த வெந்நீரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெருகும். குளித்த ஓரிரு நாளில் நீச்சலுடை மூடியிருந்த இடத்தில் அரிப்போடு சிவப்புக் கொப்புளங்கள் கிளம்பினால் பெரும்பாலும் அதன் வேலைதான்.

நிழலில், மூடி போட்ட தொட்டிக்கு நான் சொல்வது புரோமின். வியர்வையோடு கலந்த பிறகும் அது கிருமியைக் கொல்லும். குளோரின் அப்படிக் கலந்தால் வீரியம் குறைந்து கண்ணை எரிக்கும். வெயிலில் புரோமின் நிற்காது, அங்கே குளோரின்தான். அளவு: குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 3 பங்கு), புரோமின் குறைந்தது 4, பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.2 முதல் 7.8. இரண்டு மருந்தையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், ஆபத்து.

குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் மருந்து கூடிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அழுக்கோடு கலந்து செத்த குளோரினின் நெடி, நல்ல மருந்து போதவில்லை என்று அர்த்தம்.