அத்தா சொல்லிவிட்டுப் போன 25 சென்ட்: பள்ளிவாசல் வஸிய்யத்தை எப்படி நிறைவேற்றுவது?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். பர்கூர் பக்கம் எங்கள் கிராமம். முப்பது முஸ்லிம் வீடுகள் உண்டு, பள்ளிவாசல் கிடையாது. தொழ வேண்டுமானால் நான்கு கிலோமீட்டர் போக வேண்டும். நான்கு மாதத்துக்கு முன் அத்தா மவுத்தாகிவிட்டார். படுக்கையில் இருந்தபோது மாமாவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, "ரோட்டோரம் 25 சென்ட்டில் பள்ளி கட்டுங்கள், பேங்கில் இருப்பதில் 2 லட்சம் போர் போட்டு ஹவுள் (தொழுமுன் கை கால் கழுவும் தண்ணீர்த் தொட்டி) கட்ட" என்று சொன்னார். எழுதி வைக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் அண்ணன், "நோயில் சொன்னது செல்லாது, ரோட்டோர இடம் சென்ட் 80,000 போகும்" என்கிறார். டவுன் ஜமாஅத்தில் சிலர், "புதுப்பள்ளி எதற்கு, அந்த 2 லட்சத்தை எங்கள் பள்ளிக்கு மார்பிள் போடக் கொடுங்கள்" என்கிறார்கள். தங்கை தன் பங்கையும் பள்ளிக்கே விட்டுவிடட்டும் என்றும் பேச்சு. நாங்கள் ஹனஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு). அம்மா இருக்கிறார், பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். என்ன செய்வது?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. அல்லாஹ் உங்கள் அத்தாவின் கப்ரை விசாலமாக்குவானாக.

முதலில் அண்ணன் சொல்வதை எடுத்துக்கொள்வோம். நோயில் சொன்னது செல்லாது என்பது சரியில்லை. வஸிய்யத்துக்கு, அதாவது மரண சாசனத்துக்கு, அளவு கிடைத்ததே ஒரு நோயாளியின் படுக்கை அருகில்தான். நபி (ஸல்) செய்த கடைசி ஹஜ்ஜான ஹஜ்ஜத்துல் விதாவின்போது மக்காவில் கடும் நோயில் கிடந்த சஅத் பின் அபீவக்காஸ் (ரலி), தன் சொத்தில் மூன்றில் இரண்டைத் தர்மம் செய்யட்டுமா என்று கேட்டார். நபி (ஸல்) வேண்டாம் என்றார்கள். பாதி? அதுவும் வேண்டாம். "மூன்றில் ஒன்று, அதுவே அதிகம்" என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிட வசதியாக விட்டுச்செல்வது நல்லது என்றும் சொன்னார்கள். புத்தி தெளிவாக இருந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கேட்ட சாட்சிகள் இருவர் இருக்கிறார்கள், அது போதும். நம் நாட்டுச் சட்டத்திலும் முஸ்லிமின் வாய்மொழி உயில் செல்லும். ஆனால் நிரூபிப்பது கடினம். அதனால் அந்த இருவரும் கேட்டதைக் கேட்டபடி இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.

அடுத்து கணக்கு. நிறைய வீடுகளில் இதைப் பார்க்காமலேயே ஒரு பக்கம் சொத்தைப் பிரித்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கு அடிக்கல் நாட்டிவிடுகிறார்கள். வரிசை இதுதான்: கபன் துணி, அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத், கடைசியில்தான் வாரிசுப் பங்கு. "வஸிய்யத்தும் கடனும் போக" என்று குர்ஆனில் சூரத்துந் நிஸாவின் பாகப்பிரிவினை வசனங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

நீங்கள் எழுதிய விவரப்படி உள்பக்கத் தோப்பு 28 லட்சம், ரோட்டோரம் சென்ட் 60,000 வீதம் 15 லட்சம், வீடு 11 லட்சம், பேங்கில் 6 லட்சம். ஆக 60 லட்சம். மாங்காய் மண்டியில் வாங்கிய அட்வான்ஸ் இரண்டரை லட்சம், அம்மாவுக்குக் கொடுக்காமல் நின்ற மஹர் (மணக்கொடை) 50,000. மஹரை யாரும் கடனாக எண்ணுவதில்லை, ஆனால் அது கடன்தான். "அம்மா கேட்கவா போகிறார்" என்று தள்ளிவிடாதீர்கள். இந்த 3 லட்சம் போனால் 57. அதில் மூன்றில் ஒன்று 19 லட்சம். அத்தா சொன்னது இடம் 15, பணம் 2, ஆக 17 லட்சம். வரம்புக்குள் இருக்கிறது. யார் சம்மதமும் தேவையில்லை, அப்படியே நிறைவேற்ற வேண்டும்.

மீதி 40 லட்சம். அத்தாவின் பெற்றோர் முன்பே இறந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எனவே அம்மாவுக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். பாக்கி 35-ல் உங்களுக்கும் அண்ணனுக்கும் தலா 14, தங்கைக்கு 7.

அண்ணன் சொல்லும் 80,000 விலையே சரி என்றால்? மொத்தம் 65 ஆகும். கடன் போக 62, மூன்றில் ஒன்று 20 லட்சத்து 66 ஆயிரம் சொச்சம், வஸிய்யத் 22. அப்போது 1 லட்சத்து 33 ஆயிரம் சொச்சம் கூடுதலாக நிற்கும். அந்தக் கூடுதலுக்கு மட்டும்தான் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். யாராவது மறுத்தால் அவர் பங்கு அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆக, அவர் விலையை ஏற்றுக்கொண்டாலும் வஸிய்யத் ரத்தாகாது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒருவரை வைத்து மதிப்புப் போடுங்கள். இனிமேல் விலை ஏறும் என்ற பேச்சை இதில் சேர்க்காதீர்கள்.

டவுன் ஜமாஅத் கேட்பதற்கு இடம் கொடுக்கவே கூடாது. வஸிய்யத்தைக் கேட்ட பிறகு மாற்றினால் அந்தப் பாவம் மாற்றியவர்கள் மேல் என்று சூரத்துல் பகராவின் 181-வது வசனம் எச்சரிக்கிறது. கேட்பது இன்னொரு பள்ளிக்காகவே இருந்தாலும் மாற்றம் மாற்றம்தான். வக்ஃபு செய்தவர், அதாவது இறைவழியில் சொத்தை நிரந்தரமாக ஒதுக்கியவர், போட்ட நிபந்தனைக்கு மார்க்கச் சட்ட வாசகத்தின் கனம் உண்டு என்பது நம் ஃபிக்ஹின் (மார்க்கச் சட்டக் கலையின்) அடிப்படை. அதிலும் மார்பிள்! பள்ளியின் பொதுப்பணத்தைக் கட்டடத்தை உறுதியாக்கச் செலவிடலாம், அலங்காரத்துக்குச் செலவிட முத்தவல்லிக்கு (பள்ளி நிர்வாகிக்கு) அதிகாரமில்லை என்று ஹனஃபி சட்ட நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. ஆசைப்பட்டால் சொந்தக் காசில் செய்யட்டும். மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியைப் புதுப்பித்தபோது கலீஃபா உமர் (ரலி), மக்களை மழையிலிருந்து காத்தால் போதும், சிவப்பும் மஞ்சளும் பூசி அவர்கள் கவனத்தைக் குலைக்காதே என்றுதான் உத்தரவிட்டார்கள். ஹவுளில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று நினைத்தவரின் பணம் தண்ணீருக்கே போகட்டும். போர் போட்டு மிஞ்சினால் அதே பள்ளியின் குழாய், மோட்டார், கரண்ட் பில் என்று போகலாம். இடத்தில் பள்ளி கட்டவே முடியாது என்று உறுதியானால் மட்டுமே அதற்கு நெருக்கமான வேறு காரியத்தைப் பற்றி காஜியிடமும் ஆலிம்களிடமும் கேட்க வேண்டும்.

புதுப்பள்ளி ஜமாஅத்தைப் பிளக்கும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: நபி (ஸல்) காலத்தில் நயவஞ்சகர்கள் கட்டிய மஸ்ஜிது ளிரார் கண்டிக்கப்பட்டது, கெடுதல் செய்யவும் பிளவு உண்டாக்கவும் கட்டப்பட்டதால். நான்கு கிலோமீட்டர் நடக்க முடியாத முதியவர்களுக்காகக் கட்டுவது அந்த வகையில் வராது. ஐவேளைத் தொழுகையை ஆரம்பியுங்கள். வெள்ளிக்கிழமை ஜுமுஆவைப் பற்றி டவுன் இமாமோடு கலந்து பிறகு முடிவு செய்யலாம்.

இப்போது தங்கை. இதைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. மதீனாவில் நபி (ஸல்) பள்ளி கட்டத் தேர்ந்தெடுத்த இடம் சஹ்ல், சுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. சும்மாவே தருகிறோம் என்று அவர்கள் சொல்லியும் நபி (ஸல்) ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள். அப்படியிருக்க, கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண்ணிடம் "விட்டுக்கொடும்மா, பள்ளிக்குத்தானே" என்று கேட்டால், வெட்கத்தில் அவள் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. அவள் பங்கு அவள் பெயருக்கு வரட்டும், பட்டா கைக்கு வரட்டும். அதன் பிறகு அவளாகக் கொடுத்தால் அது தர்மம்.

பேங்க் இருப்பில் வட்டி ஏறியிருந்தால் அதைத் தனியே பிரித்துவிடுங்கள். மேலே சொன்ன 6 லட்சம் அது போக இருக்க வேண்டும். குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்தபோது வட்டிப்பணம் சேர்க்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். தூய பணம் போதாமல் கஅபாவை ஒட்டியுள்ள ஹிஜ்ர் பகுதியை வெளியே விட்டுக் கட்டினார்கள். வட்டியை நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பத்திர வேலை. வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று வாங்கி, சர்வேயரை வைத்து 25 சென்ட்டை உட்பிரிவு செய்து, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு வக்ஃபு பத்திரம் பதிவு செய்யுங்கள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்ஃபு திருத்தச் சட்டப்படி பத்திரம் இல்லாமல் புது வக்ஃபு உருவாகாது. அதன் பிறகு வக்ஃபு வாரியத்தில் பதிவு. கட்டட அனுமதி வரும் முன் கடைக்கால் தோண்டாதீர்கள்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. ரோட்டோர இடம் என்பதால் நாளைக்குக் கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்று யாராவது சொல்வார்கள். பள்ளி என்று ஆகிவிட்ட இடம் கீழே தரையிலிருந்து மேலே வானம் வரை பள்ளிதான். பிறகு அதன் மேல் இமாமுக்கு வீடு கட்டுவதற்குக்கூட ஹனஃபி ஃபுகஹாக்கள் (சட்ட அறிஞர்கள்) அனுமதிக்கவில்லை. முன்கூட்டியே, பள்ளியின் நலனுக்கென்று ஒதுக்கினால் வழி உண்டு. ஆனால் உங்கள் அத்தா சொன்னது பள்ளியும் ஹவுளும். வருமானத்துக்குக் கடை வேண்டுமானால் நீங்களோ அண்ணனோ சொந்தப் பங்கிலிருந்து இரண்டு சென்ட் பக்கத்திலேயே தனி வக்ஃபாக எழுதி வையுங்கள். 25 சென்ட்டுக்குள் தொழும் இடம் எது, ஹவுள் எங்கே, இமாம் அறை எங்கே, செருப்பு விடும் இடம் எது என்று பிளானிலும் பத்திரத்திலும் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். அந்த வேலை அங்கே முதல் ஜமாஅத் தொழுகை நடப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.