பயங்கரவாத அச்சுறுத்தல் என்று அரசு சொன்னால் நம்புவதா, அரசியல் என்று தள்ளிவிடுவதா?

இதைக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் சண்டை நடக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது எனக்கும் அக்காவின் கணவருக்கும். "அசட்டையாக இருந்தால் பிறகு அழ வேண்டிவரும், தம்பி" என்பார் அத்தான். "தேர்தல் வருகிறதாக்கும்" என்பேன் நான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சந்தேகம் வராவிட்டால்தான் அதிசயம். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அதில் பிடிபட்டு வருடக்கணக்கில் உள்ளே இருந்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு.

2019 உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் குண்டுகள் வெடித்தபோது என் வாய் அடைத்துப்போனது. பிறகு வெளிவந்தவற்றைப் பார்த்து அத்தானின் வாயும் அடைத்திருக்க வேண்டும். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியா எச்சரித்திருக்கிறது. 11ஆம் திகதியிட்ட பொலிஸ் கடிதத்தில், குண்டு வைத்த கும்பலின் தலைவன் சஹ்ரானின் பெயரும் தேவாலயங்கள் என்ற சொல்லும் இருந்தன. 21ஆம் திகதி மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. முந்திய ஒக்டோபரில் ஜனாதிபதியோடு முட்டிக்கொண்ட பிறகு பிரதமரைத் தேசிய பாதுகாப்புச் சபைக்கே கூப்பிடவில்லையாம். ஜனாதிபதியோ தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். அந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடிதம் வந்தபோது கிண்டாத பையை எல்லாம், குண்டு வெடித்த பிறகு பள்ளிக்கூட வாசலில் கிண்டினார்கள்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. நானும் ஒரு பையைக் கிண்டியவன்.

எனக்குச் சின்னத் துணிக்கடை. புத்தளத்திலிருந்து சாரம் கொண்டுவரும் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் பல வருடமாக என்னிடம் வருபவர். பிறந்தது யாழ்ப்பாணம். 1990 ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து வெளியேற்றியபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர். 2019இல் குண்டு வெடித்த பிறகு, அந்த மே மாதம் அவர் கடைக்குள் வந்ததும், "நானா, குறை நினைக்காதீர்கள், பையை ஒருமுறை திறந்து காட்டுங்கள்" என்றேன். கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள்.

அவர் ஒன்றும் பேசவில்லை. மாற்றுச் சாரம், தொப்பி, கடன் கொப்பி, கடதாசியில் சுற்றிய நாலைந்து பேரீச்சம்பழம் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். நோன்பு காலம் என்பது அந்தப் பொட்டலத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. "போகும்போதும் இப்படித்தான் தம்பி, பையைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள்" என்றார்.

உடனே திட்டக் கிளம்பாதீர்கள். நான் இனவாதி அல்ல. அந்த வாரம் பஸ்ஸில் என் பையையும் ஆமிக்காரர் கவிழ்த்துப் பார்த்தார்கள். பயம் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயத்தில்தான் கடைக்குக் கமெராவும் பூட்டினேன். பூட்ட வந்தவன் முழுக் காசையும் வாங்கிக்கொண்டு, வாசலை விட்டுவிட்டு எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்க்கும்படி பூட்டிவிட்டுப் போனான். திருத்த வரச் சொன்னால் இன்றுவரை "நாளைக்கு அண்ணை" என்கிறான். அந்த மரத்தில் எத்தனை காகம் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

நானா இப்போதும் வருகிறார். நான் கேட்பதில்லை. ஆனாலும் வந்தவுடன் பையை மேசையில் வைத்து, சிப்பை முழுதாக இழுத்துத் திறந்துவிட்டுத்தான் கணக்குக் கதைக்கத் தொடங்குவார். வேண்டாம் நானா என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.