அறுத்தது கயிறு, குறைந்தது மரியாதையா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் இருவரும் ஸ்டார் ட்ரெக் என்கிற விண்கப்பல் கதைத் தொடர்கள் பார்ப்போம், பழக்கிவிட்டதே நான்தான். இப்போது எதற்கெடுத்தாலும் நியாயம் பேசுகிறான். போரில் கூட்டாளி சேர்க்க கேப்டன் சிஸ்கோ பொய் ஆதாரம் தயாரித்தது சரியா தப்பா என்று சாப்பாட்டு வேளையில் என் அப்பாவோடு ஒரே வாதம். பெரியவர்களிடம் மரியாதை இல்லை. போன கோயில் கொடையில் அண்ணன் மகன் கட்டிவிட்ட, நம்ம பையன்கள் எல்லாரும் கட்டுகிற ரெண்டு கலர் கயிற்றைக்கூட அறுத்துவிட்டான். அண்ணன் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தொடரை நிறுத்திவிடலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம் பக்கம்

பதில்: பிளஸ் ஒன் பிள்ளைக்குப் பத்து மணிக்கு மேல் டிவி ஆகாது. சனி, ஞாயிறு பகலுக்கு மாற்றுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

அந்தக் கயிற்றுக்கு வாருங்கள், அண்ணாச்சி. "கயிற்றைக்கூட" என்று ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். சாமிக் கயிறென்றால் பூசாரி கட்டியிருப்பார், அறுந்தால் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். இது "நம்ம பையன்கள்" கட்டுகிற கயிறு. யாருக்கு நம்ம? பஸ் கம்பியைப் பிடித்த கையைப் பார்த்தே யார் எந்தத் தெரு என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிற சீமை இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, கூடப் படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டக் கூடாதென்று பரிந்துரைத்தது. உங்கள் பையன் அதைத்தான் செய்திருக்கிறான். நீங்கள் அதை மரியாதைக் குறைவு என்ற கணக்கில் எழுதுகிறீர்கள்!

நீங்கள் பழக்கிவிட்ட தொடரிலேயே, 1969 ஜனவரியில் வந்த 'லெட் தட் பி யுவர் லாஸ்ட் பேட்டில்ஃபீல்ட்' என்ற கதை இருக்கிறது. செரான் கிரகத்து பீலுக்கும் லோகாய்க்கும் முகம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. லோகாய் தப்பி ஓடுகிறவன். பீல் பல்லாயிரம் வருஷமாக அவனைத் துரத்துகிற அதிகாரி. இருவருக்கும் என்ன வித்தியாசமென்று கேப்டன் கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் பிடிபடவில்லை. பீல்தான் விளக்குகிறான்: எனக்கு வலப்பக்கம் கறுப்பு, அவனுக்கு வலப்பக்கம் வெள்ளை. உங்கள் அப்பாவையும் உட்கார வைத்து, அந்த இடத்தில் நிறுத்துங்கள். யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து மீதியை ஓட விடுங்கள். கப்பல் செரானை அடையும்போது அங்கே ஓர் உயிர் மிச்சமில்லை, அடித்துக்கொண்டே மாண்டிருக்கிறார்கள்.

அந்தக் கதையில் ஓர் ஓட்டையும் உண்டு. பீலின் ஆட்கள் ஆண்டவர்கள், லோகாயின் ஆட்கள் அடிமைப்பட்டவர்கள். கதையோ கடைசியில் இருவர் வெறுப்பையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறது. உங்கள் மகன் அதைக் கட்டாயம் கேட்பான். "போதும், சாப்பிடு" என்று வாயை அடைக்காதீர்கள். அடுத்த வாரம் 1991-ல் வந்த 'தி ட்ரம்ஹெட்' போடுங்கள். தாத்தா எந்த இனம் என்பதை மறைத்த ஓர் இளைஞனை விசாரணையில் கிழிக்கிறார்கள். அவன் மறைத்தது உண்மையென்று தெரிந்த பிறகும் கேப்டன் பிக்கார்டு அவனுக்காக நிற்கிறார். அப்பன் நிற்க வேண்டிய இடம் அதுதான். நீங்கள் நிற்கவில்லை.

பையனுக்கும் ஒன்று சொல்லுங்கள்: தாத்தா இலையில் உட்கார்ந்திருக்கும்போது வாதம் கூடாது, கை கழுவிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். கயிற்றுக்காக மட்டும் பெரியப்பா காலில் விழச் சொல்லாதீர்கள்.

அண்ணன் வீட்டுக்கு நீங்கள் போங்கள். தனியாக, ஞாயிறு சாயங்காலம். மச்சினன்மாரும் தெருக்காரர்களும் திண்ணையில் இருக்கும்போது பேச்செடுத்தால் அவர் இறங்கிவர மாட்டார், கௌரவம் குறுக்கே நிற்கும். உங்கள் கையிலும் அந்தக் கயிறு இருந்தால் முதலில் அதை அவிழ்த்துவிட்டுப் போங்கள். "என் மகன் இனிக் கட்ட மாட்டான்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் காபியோடு மழுப்பிவிடுவீர்கள். பள்ளியில் கயிறு கட்டச் சொல்லி யாராவது நெருக்கினால், பையனை முன்னே தள்ளாமல் நீங்களே தலைமையாசிரியரைப் பாருங்கள்.

அண்ணன் மகன் எந்த வகுப்பு என்று நீங்கள் எழுதவில்லை. அவனுக்கு நீங்கள் சித்தப்பா. அவனையும் சனிக்கிழமை டிவி முன்னால் உட்கார வையுங்கள்.