கட்டைக்குக் கூலியா, மணித்தியாலத்துக்குக் கூலியா?

கேள்வி: 1990இல் விட்டுவிட்டு ஓடிய எங்கள் காணி யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் இருக்கிறது, எட்டுப் பரப்பு (அரை ஏக்கர்). திரும்பக் கிடைத்தபோது ஒரே காடு. போன வருடம் அனுமதி எடுத்து மரங்களைத் தறித்தோம். இப்போது எண்ணினால் 64 அடிக்கட்டைகள் நிற்கின்றன. பனை 38. மீதி 26 வேம்பு, பூவரசு, இப்பில் இப்பில் (சவுண்டல்). பனைகளை இடுப்பளவு உயரத்தில் விட்டிருக்கிறோம், மற்றவற்றை நிலத்தோடு ஒட்ட அறுத்துவிட்டார்கள். மேலே ஒரு அடி செம்பாட்டு மண், அதற்குக் கீழே கல். கிழக்குப் பக்கம் இரண்டு பரப்பில் வீடு கட்டி, மிச்சத்தில் தென்னையும் வாழையும் வைக்க எண்ணம். பெக்கோ (மண் கிண்டும் இயந்திரம்) வைத்திருக்கும் ஒருவர் மணித்தியாலக் கணக்குக்கு வருகிறேன் என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் ஒரே தொகைக்குக் குத்தகையாக எடுக்கிறேன் என்கிறார். மூன்றாமவர் காசே வேண்டாம், கிளம்புகிற கல்லையும் மண்ணையும் தந்தால் போதும் என்கிறார். யாரைப் பிடிப்பது?

பதில்: மூன்றாமவரை முதலில் அனுப்பிவிடுங்கள். அவருக்கு உங்கள் கட்டைகளில் அக்கறை இல்லை, கட்டைக்குக் கீழே இருக்கிற சுண்ணாம்புக் கல்லில்தான் கண். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி கல் அகழ்ந்து விற்பதற்கும் ஏற்றிப் போவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். டிப்பரைப் பொலிஸ் மறித்தால் உங்கள் காணியின் பெயரும் வரும். அதைவிடப் பெரிய நட்டம், கல்லோடு சேர்ந்து போகிற அந்த ஒரு அடிச் செம்மண். எங்கள் பெரியவர்கள் கல்லை உடைத்து, மண் கொண்டுவந்து கொட்டித் தோட்டம் ஆக்கிய ஊர் இது. இருக்கிற மண்ணை இலவசமாகக் கொடுத்துவிட்டு நாளைக்குக் காசுக்கு மண் வாங்குவதா?

அடுத்தது காசு சம்பந்தப்பட்ட விடயம் இல்லை, ஆனால் பெக்கோ உள்ளே வருமுன் செய்ய வேண்டியது. நீண்ட காலம் இராணுவ வசம் இருந்த பகுதி என்பதால், உங்கள் துண்டில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடிந்ததா என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். முடிந்தது என்றாலும், வேருக்குள் துருப்பிடித்த இரும்பு ஏதாவது தெரிந்தால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்திப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். கையால் எடுத்துப் பார்க்க வேண்டாம், ஓரமாக நகர்த்தி வைக்கவும் வேண்டாம்.

சரி, மற்ற இருவருக்கு வருவோம். எனக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. உறவினர் காணி ஒன்றில் குத்தகைக்குத்தான் கட்டை பிடுங்கக் கொடுத்தோம். ஒரே நாளில் காணி பளிச்சென்று ஆகிவிட்டது, எங்களுக்கும் பெரிய சந்தோசம். இரண்டு மாரி கழிந்து குசினி நிலம் ஒரு மூலையில் தாழ்ந்தது. கிண்டிப் பார்த்தால், மேலே தெரிந்த பகுதியை மட்டும் பெக்கோவால் முறித்துத் தள்ளிவிட்டு அடியை மண்ணால் மூடியிருக்கிறார்கள். உள்ளே கட்டை உக்கி, கறையான் குடிவைத்து, வெறும் பொந்து. கல்லுக் காணியில் குத்தகை என்றால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு, ஏனென்றால் கல்லுக்குள் இறங்கிய வேரை எடுக்க ஆகிற நேரம் அவருடைய நட்டம். அவர் குத்தகைக்குத்தான் வருவார் என்றால், ‘ஒவ்வொரு குழியையும் திறந்தபடி பார்த்த பிறகுதான் மூட வேண்டும், அதன் பிறகுதான் காசு’ என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மணித்தியாலக் கணக்கில் நட்டம் உங்கள் பக்கம் வரும். அதனால் 64 கட்டைகளையும் அப்படிக் கொடுக்க வேண்டாம். முதலில் ஒரு டப்பா பெயின்ற்றோடு காணியைச் சுற்றி நடந்து, எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று பிரியுங்கள்.

பனை பார்வைக்குப் பெரிது, ஆனால் ஆணிவேரும் இல்லை, பருத்த பக்க வேரும் இல்லை. கயிறு கயிறாக நூற்றுக்கணக்கான மெல்லிய வேர்கள்தான். ஒரு பக்கம் கிண்டி வேர்களை அறுத்துவிட்டு, மறுபக்கத்தில் இருந்து உயரத்தில் தள்ளினால் கட்டையே நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். சுலபம் என்று சொல்லவில்லை. பாறையைத் தூக்காமல் வரும், அவ்வளவுதான். இடுப்பளவு விட்டது நல்ல புத்தி. வேம்பு அப்படி இல்லை. அதன் வேர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்குள் இறங்கி அங்கேயே பருத்துவிடும். இழுத்தால் ஒரு பாளம் கல்லும் சேர்ந்து கிளம்பும், பக்கெட்டின் பல்லும் போகும். ஒட்ட அறுத்துவிட்டதால் பிடிக்கவும் இடமில்லை. ஆக, காசைத் தின்னப்போவது அந்த 26 கட்டைகள்தான்.

ஆகவே வீடு வருகிற இரண்டு பரப்பிலும் பாதையிலும் நிற்கிறவை, எந்த மரமானாலும், முழுதாக வர வேண்டும். அத்திவாரத்துக்குக் கீழே உக்கும் மரம் இருக்கக் கூடாது. தென்னை வைக்கிற பக்கத்துப் பனைகளும் வர வேண்டும். பனை அறுத்தால் திரும்பத் துளிர்க்காது, விட்டால் தானாக உக்கிவிடும் என்பது உண்மைதான், ஆனால் உக்குகிற பனை, தென்னங் கட்டைகளில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அது பிறகு உங்கள் இளம் தென்னையின் குருத்தைத் துளைக்கும்.

வாழை வைக்கிற பக்கம் இருக்கிற வேம்பையும் பூவரசையும் இப்பில் இப்பிலையும் விட்டுவிடுங்கள். இவை துளிர்க்கும், அதுவும் விடாமல் துளிர்க்கும். துளிர் முற்ற விடாமல் திரும்பத் திரும்ப வெட்டினால் கட்டை களைத்துச் செத்துவிடும். ஆடு வளர்க்கிற அயலவர் யாராவது இருந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள், குழைக்கு அவரே வந்து வெட்டுவார். (இப்பில் இப்பில் குழையை மட்டும் தனித் தீனியாகப் போட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுங்கள், அதில் மிமோசின் என்ற நச்சுப் பொருள் உண்டு.) வாழைக்குக் கட்டைகளுக்கு இடையில் குழி போட்டால் போதும், நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்று வாழை கேட்பதில்லை.

இப்போது பெக்கோக்காரரைக் கூப்பிடுங்கள். முதல் மணித்தியாலம் பரீட்சை. நான்கு பனை, ஒரு வேம்பு காட்டுங்கள். முடியும்போது கணக்கு உங்கள் கையில் இருக்கும். மணித்தியாலத்துக்கு ஐந்து பனை வந்தால் 38க்கும் எட்டு மணித்தியாலத்துக்குள் முடியும். வேம்பு ஒன்றே அரை மணித்தியாலம் எடுத்தால், வீட்டு நிலத்தில் இருக்கிற வேம்புகளை மட்டும் கூலியாட்களை வைத்து, பிக்காசாலும் அலவாங்காலும் சுற்றிக் கிண்டி, பக்க வேர்களைக் கோடாரியால் தறித்து வைத்துவிட்டு, கடைசியில் இழுப்பதற்கு மட்டும் பெக்கோவைக் கூப்பிடலாம். கையால் கிண்டுவதற்கு மாரி முடிந்த தை மாதம் நல்லது, மண் பதமாக இருக்கும். பெக்கோவுக்கு மாசி, பங்குனி. ஈரச் செம்மண்ணில் அது ஓடினால் மண் இறுகிப்போகும்.

பேசும்போது இவற்றைக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: வந்துபோகும் செலவு சேர்த்தியா, டீசல் யாருடையது, குறைந்தது எத்தனை மணித்தியாலத்துக்குக் காசு, பழுதாகி நிற்கிற நேரம் யாருடைய கணக்கு, பக்கெட்டின் பல் உடைந்தால் யார் கட்டுவது, குழி நிரவுவது வேலைக்குள் அடக்கமா. தொடங்கும்போதும் முடியும்போதும் மணி மீற்றரைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பிறகு பிரச்சினை வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம். எழுத்து மூல முறைப்பாட்டை வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கிளம்புகிற கல்லை வெளியே விடாமல் எல்லையில் அடுக்கிவிடுங்கள். நெடுந்தீவில் முருகைக்கல்லை அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்களே, அது மாதிரி. பழைய மரத்தடியில் வைரவர் சூலம் இருந்திருந்தால் வேலையாட்கள் தொடமாட்டார்கள், அதற்கு ஒரு பூசைச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: இணையக் கடை ஒன்றில் கட்டையை அரைத்துத் தூளாக்கும் சிறிய பெற்றோல் இயந்திரம் விற்கிறார்கள். எங்கள் புத்தூர்க் காணியில் இருபது வேப்பங்கட்டைகள் உண்டு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் வெட்டும் பற்கள் மரத்துக்குச் செய்தவை. வேருக்குள் சிக்கிய கல்லில் பட்டவுடன் நுனி உடைந்துபோகும், கல்லும் தெறிக்கும். அதோடு அது மேலே சில அங்குலம்தான் அரைக்கும், வேர் அப்படியே இருக்கும். பல்லுச் செற் இங்கே எந்தக் கடையில் மாற்றலாம் என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

கேள்வி: கட்டையில் துளை போட்டு உப்பும் பழைய என்ஜின் ஒயிலும் ஊற்றினால் செத்துவிடும், பிறகு கொளுத்தலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணை. செய்யலாமா?

பதில்: உங்கள் கிணறு அந்தக் கட்டையிலிருந்து எவ்வளவு தூரம்? எங்கள் நிலத்தில் மேலே ஊற்றுவது கல்லின் வெடிப்பு வழியாக நேரே கிணற்றுக்குப் போகும், இடையில் வடிகட்ட ஒன்றும் இல்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை உங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் அளவைத் தாண்டி நிற்கிறது. ஆகவே கட்டைக்கு வெடியுப்புப் போடச் சொன்னாலும் கேட்க வேண்டாம், அதுவும் நைத்திரேற்றுத்தான்.

கொளுத்துவதானால் நன்றாகக் காய்ந்த கட்டையை, ஒயில் இல்லாமல், உமியும் சிரட்டையும் வைத்துக் கொளுத்துங்கள். சோழகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் வேண்டாம். வேர் வழியே தணல் நாட்கணக்கில் நிலத்துக்குள் ஊர்ந்து, அண்ணையின் ஓலை வேலிக்கு அடியில் எழும்பக்கூடும்.